வழிவிடுதலும் விலக்கிவைத்தலும்: தாமிரபரணித் துறை முதல் தூத்துக்குடிக் கடல் வரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடையும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் குறுகிய ஆறு. அந்த ஓட்டத்துக்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் அதன் குறுக்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பாசனத்துக்கு வரமாக வாய்த்த இந்த அணைகள் படகுக்கு வழி விடவில்லை. கன்னடியன் கால்வாய் நீரில் விளைந்த சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களின் நெல்லோ, கோரையை அறுத்துப் பத்தமடையில் நெய்த பாயோ ஆற்றின் போக்கிலேயே மிதந்து கடல்துறையை அடைய வாய்ப்பில்லாததால், சரக்குப் போக்குவரத்து முதலில் வண்டிப்பாதையையும் பின்னர் 1876இல் தூத்துக்குடிக்கு வந்த இருப்புப்பாதையையும் நம்பியிருந்தது. படகு ஆற்றின் நீளவாட்டில் ஓடவில்லை; ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்கே மட்டும் ஓடியது. நீரின்மேல் யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்வி இந்தப் பள்ளத்தாக்கில் எழுந்த விதத்தையும் அது தீர்க்கப்பட்ட விதத்தையும் இந்த ஓர் உண்மையே பெரிதும் தீர்மானித்தது.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையில் கொக்கிரகுளத்தை ஒட்டிய துறை அக்காலத்தில் இரட்டை நகரங்களின் கழுத்துப்பகுதியாக இருந்தது. சந்தைக்குப் போவோரும் கச்சேரிக்கு வருவோரும் அங்கேதான் படகேற வேண்டும். வெள்ளக்காலத்தில் படகுகள் குறைய, கரையில் கூட்டம் பெருகும். யார் முதலில் ஏறுவது, எவ்வளவு கூலி, ஒரு படகில் எத்தனை பேர் என்பவற்றுக்கெல்லாம் எழுதப்பட்ட ஒழுங்கு எதுவும் அங்கு இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தது செல்வாக்கும் தோள்வலிமையும்தான். படகேறும் போட்டி முற்றிக் கலகமாகிச் சிலர் உயிரிழந்தனர் என்றும், 1840இல் மாவட்ட ஆட்சியர் ஈ. பி. தாம்சன் கூட்டிய ஆலோசனைக்கு அதுவே காரணம் என்றும் நெல்லை வரலாற்று நூல்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அந்த ஆலோசனையின் விளைவாக எழுந்ததுதான் சுலோசன முதலியார் பாலம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த முதலியார் செலவின் பெரும்பங்கை ஏற்க, டபிள்யூ. எச். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைந்த திட்டப்படி, 60 அடி அகலமுள்ள 11 வளைவுகளோடு எழுந்த அந்தப் பாலம் 1843 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது.

நிர்வாகம் இங்கே எடுத்த முடிவின் தன்மை கவனிக்கத்தக்கது. துறையில் வரிசை ஒழுங்கை ஏற்படுத்துவதற்கு மாறாக, துறையே தேவைப்படாத ஒரு வழியை அது அமைத்தது. பொதுப் படகுத்துறைகளுக்கென முறையான சட்டம், அதாவது கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம், சென்னை மாகாணத்தில் 1890இல்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே கொக்கிரகுளத்தின் சிக்கல் கல்லாலும் சுண்ணாம்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. மோதலைத் தவிர்க்க இரண்டு வழிகளே உண்டு: சந்திப்பவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை விதித்தல் ஒன்று, சந்திக்கவே வேண்டாதபடி அவர்களைப் பிரித்துவைத்தல் மற்றொன்று. தாமிரபரணி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. கடல் முதலாவதில் தொடங்கி, காலப்போக்கில் இரண்டாவதையும் நாட வேண்டியதாயிற்று.

பாலத்துக்கான ஆலோசனை நடந்த அதே 1840ஆம் ஆண்டில்தான், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களையும் கப்பலோட்ட வழிகாட்டிகளையும் நிர்வகித்துவந்த டிரினிட்டி ஹவுஸ் என்ற நிறுவனம் நீராவிக் கப்பல்கள் எதிரெதிரே சந்திக்கும்போது பின்பற்ற வேண்டிய விதிகளை வகுத்தது. பாய்மரக் கலங்களின் காலத்தில் காற்றே பெரும்பாலும் வழியைத் தீர்மானித்தது. நீராவிக் கப்பலோ எத்திசையிலும் எவ்வேகத்திலும் செல்லவல்லது என்பதால், எதிரே வருவது என்ன செய்யும் என்று முன்கூட்டி அறியப் பொதுவான உடன்பாடு தேவைப்பட்டது. 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டமாகவும், 1863இல் பிரிட்டனும் பிரான்சும் இணைந்து வகுத்த விதிகளாகவும், 1889இல் வாஷிங்டன் மாநாட்டின் உடன்பாடாகவும் வளர்ந்த அந்த மரபின் இன்றைய வடிவமே, 1972இல் லண்டனில் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடப்பிலுள்ள கடல் மோதல் தவிர்ப்புக்கான சர்வதேச விதிகள். இந்தியா இவற்றை 1975இல் தன் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளாக்கிக்கொண்டது.

இவ்விதிகள் திறந்த கடலுக்கும், கடற்கலங்கள் வந்துபோகக்கூடியவாறு கடலோடு இணைந்த எல்லா நீர்ப்பரப்புகளுக்கும் பொருந்தும். அந்த வரையறையைத் தாமிரபரணியின்மீது வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான எல்லைக்கோடு புலப்படுகிறது. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கடலுக்குப் போய்வரும் வள்ளங்கள் சர்வதேச விதிக்கு உட்பட்டவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே அந்த விதிக்கு வேலையே இல்லை. அணைநீரில் ஓடும் இயந்திரப் படகுகளை 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஆள்கிறது. உள்நாட்டு நீரில் ஆபத்து வேறு வகையானது. கேரளத்தின் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்னிகை என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததும், மலப்புறம் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் மாண்டதும் வேறொரு கலத்தோடு மோதியதால் நிகழ்ந்தவை அல்ல. உயரமான தளத்தில் ஆள் ஏறி, பாரம் ஒரு பக்கம் சாய, படகின் சமநிலை குலைந்ததால் நேர்ந்தவை. அத்தகைய படகில் மனிதர்களே நகரும் சரக்கு என்பதால், ஏற்றும் எண்ணிக்கையும் அமரும் இடமும் வழிவிடும் விதியைவிட முதன்மையானவை.

கடல் விதியின் அடிப்படைத் தர்க்கம் எளிமையானது, ஆனால் தரைவாசிக்கு முதலில் தலைகீழாகத் தோன்றுவது. சாலையில் பெரிய வண்டி வந்தால் சிறியது ஒதுங்கும்; கடலில் அளவு தனக்கென எந்த முதன்மையையும் தருவதில்லை. திரும்பும் ஆற்றல் எதற்குக் குறைவோ அதற்கு மற்றது வழிவிட வேண்டும். ஆகவே இயந்திரத்தால் ஓடும் கலம், கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்கும், ஆழம் தோண்டுவது, கடலடிக் கம்பி பதிப்பது போன்ற பணியால் திரும்ப இயலாத கலத்துக்கும், வலையோடு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கும், பாய் விரித்துச் செல்லும் கலத்துக்கும் விலகிச் செல்ல வேண்டும். மூன்று லட்சம் டன் எண்ணெய்க் கப்பலும் அகண்ட கடலில் ஒரு வலைபோட்ட வள்ளத்துக்கு விலக வேண்டியதே சட்டம். இதே தர்க்கம் குறுகிய கால்வாயில் திசைமாறி நிற்கிறது: ஆழமான தடத்தை விட்டு வெளியேற இயலாத கப்பல் வரும்போது 20 மீட்டருக்குக் குறைந்த கலமும், பாய்மரக் கலமும், மீன்பிடி கலமும் அதன் வழியை மறிக்கக் கூடாது. முரண்போலத் தெரிந்தாலும் விதி ஒன்றுதான். அகண்ட கடலில் வலை கட்டிய வள்ளம் நகர முடியாதது, கால்வாயில் கப்பல் நகர முடியாதது.

இரு இயந்திரக் கலங்கள் சந்திக்கும்போது கோணமே முடிவுசெய்கிறது. நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்பி, தத்தம் இடப்பக்கம் மற்றதை நோக்க விலகிச் செல்ல வேண்டும். இடப்புறம் ஒதுங்கும் இந்தியச் சாலைப் பழக்கத்தைக் கடலுக்குள் கொண்டுசெல்பவர் ஆபத்தைத் தேடிச் செல்பவர். குறுக்கே வரும்போது, மற்றதைத் தன் வலப்புறம் காணும் கலமே வழிவிட வேண்டும், அதுவும் இயன்றவரை மற்றதன் முன்னால் குறுக்கிடாமல். பின்னாலிருந்து முந்துகிற கலமோ, அது பாய்மரமாக இருந்தாலும் சரி, முந்தி முடித்துத் தெளியும்வரை ஒதுங்கியே செல்ல வேண்டும். பாய்மரக் கலங்கள் இரண்டு சந்தித்தால் இடப்புறம் காற்றைப் பெறும் கலம் விலகும். இரண்டும் ஒரே பக்கம் காற்றைப் பெற்றால் காற்றுவரும் திசையில் இருப்பது விலகும்.

இந்தக் கோணங்களை இருளில் படிக்கத் தருவதே விளக்குகள். கலத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன்னிலிருந்து 112.5 பாகை வரை மட்டுமே தெரியும். மீதமுள்ள 135 பாகையைப் பின்விளக்கின் வெள்ளை நிரப்புகிறது. வலப்புறம் ஒரு சிவப்பு ஒளி தெரிகிறதென்றால் அங்கே ஒரு கலம் தன் இடப்பக்கத்தைக் காட்டிக் குறுக்கே போகிறது, அதற்கு வழிவிட வேண்டும் என்று பொருள். இடப்புறம் பச்சை தெரிந்தால் அது நமக்கு வழிவிட வேண்டிய கலம். மோதும் அபாயம் உண்டா என்பதை அறிய ரேடார் தேவையில்லை. வள்ளத்தின் ஒரு கம்பத்தையும் தொலைவில் வரும் ஒளியையும் ஒரே கோட்டில் வைத்து, தலையை அசைக்காமல் இரண்டொரு நிமிடம் பார்த்தால் போதும்: ஒளி கம்பத்துக்கு முன்னோ பின்னோ நகர்ந்தால் அது விலகிப் போய்விடும், நகராமல் நின்றபடியே பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதும். தன் படகின் போக்கும் வேகமும் மாறாதிருக்கும்போதுதான் இந்தச் சோதனை உண்மை சொல்லும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

வழிபெறும் கலத்துக்கும் கடமை உண்டு என்பது விதியின் நுட்பமான பகுதி. தனக்கு வழிவிடப்படும் என்று தெரிந்த கலம் தன் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். மற்றவர் அதையே கணக்கில் வைத்து நகர்கிறார். அவர் நகரவில்லை என்று தெரியத் தொடங்கினால் தானே விலகலாம். அவர் ஒருவரின் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க இயலாத நிலை வந்துவிட்டால் விலகியே ஆக வேண்டும். ஐயம் தோன்றும்போது குறைந்தது ஐந்து குறுஞ்சங்கொலி, வலம் திரும்பும்போது ஒன்று, இடம் திரும்பும்போது இரண்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கும்போது மூன்று. ஆகவே விதி யாருக்கும் உரிமைப் பத்திரம் எழுதித் தரவில்லை. இருவருக்கும் வெவ்வேறு வேலை பிரித்துத் தருகிறது.

தூத்துக்குடிக் கடலில் இந்த வேலைப்பிரிவு நீண்டகாலம் கண்ணுக்கு எட்டிய தொலைவிலேயே நடந்தது. கரையோரம் ஆழம் குறைவென்பதால், 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்படும்வரை கப்பல்கள் பல மைல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் பாய்விரித்துச் சென்று சரக்கை ஏற்றியிறக்கின. அந்தத் தோணியுலகை ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் விரிவாகப் பதிந்திருக்கிறது. நீராவிக் கப்பலும் பாய்மரத் தோணியும் ஒரே நீரில் இருந்தாலும் அவற்றின் வேக வேறுபாடு தாங்கக்கூடியதாக இருந்தது; கப்பலின் மேல்தளத்தில் நின்றவர் தோணியை ஓட்டும் தண்டலைப் பார்த்துக் குரல் கொடுக்கலாம். விதி தன் முழு வலிமையோடு வேலை செய்ய இந்தப் பார்வைத் தொடர்பே அடிப்படை.

இன்றைய கடலில் அந்தத் தொடர்பு அறுந்திருப்பதை எளிய கணக்கே காட்டிவிடும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தொலைவிலும், சிவப்பு பச்சைப் பக்கவிளக்குகள் 1 கடல் மைல் தொலைவிலும் தெரிய வேண்டும் என்பதே விதி கேட்கும் குறைந்த அளவு. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பலுக்கு வெள்ளை விளக்கு கண்ணில் பட்டபின் 8 நிமிடம் இருக்கிறது. பக்கவிளக்கின் நிறம் தெரிந்து, யார் வழிவிட வேண்டும் என்று அறிந்தபின் 4 நிமிடமே மிச்சம். விளக்கு விதிப்படி எரிந்து, அலைமறைக்காமல், கண்ணும் சோர்வுறாமல் இருந்தால்தான் இந்த 4 நிமிடமும். மேலும், 1998க்குப் பின் கட்டப்பட்ட பெரிய கப்பல்களின் கட்டுப்பாட்டறையிலிருந்து பார்க்கையில் கப்பலின் முன்முனைக்கு அப்பால் 500 மீட்டர் வரையோ, கப்பல் நீளத்தின் இரு மடங்கு வரையோ, இரண்டில் எது குறைவோ அந்தத் தொலைவுக்குக் கடற்பரப்பு மறைந்திருப்பதைச் சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தமே அனுமதிக்கிறது. அந்த 500 மீட்டரை அந்தக் கப்பல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடும். 7 மீட்டருக்கும் குறைந்து, மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓடாத படகு ஒரே ஒரு வெள்ளை விளக்கோடு ஓடலாம் என்ற சலுகையையும், துடுப்புப் படகு ஒரு கைவிளக்கை உரிய நேரத்தில் காட்டினால் போதும் என்ற சலுகையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டம் சிறியவருக்குக் காட்டிய இரக்கம் கடலில் அவருக்கே பாதகமாகிவிடுகிறது.

அண்மைக்கால விபத்துகள் இதற்குச் சான்று. 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக் கடலில் பிரபு தயா என்ற சரக்குக் கப்பல் மோதிய மீன்பிடிப் படகில் 5 மீனவர்கள் உயிரிழந்தனர். 2017 ஜூன் 11 அன்று கொச்சிக்கு அப்பால் விடியலுக்கு முன், நங்கூரமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்களின் படகைப் பனாமா கொடியேந்திய ஆம்பர் எல் என்ற கப்பல் இடித்துச் சென்றது. 2018 ஆகஸ்டு 7 அன்று முனம்பத்திலிருந்து புறப்பட்ட படகு ஒரு கப்பலில் அடிபட்டபோது அதிலிருந்தோரில் பெரும்பாலோர் குமரி மாவட்டம் இராமன்துறையைச் சேர்ந்தவர்கள். சட்ட நோக்கில் இவற்றில் கப்பலின் பொறுப்பே முதன்மையானது. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கிடைக்கும் எல்லாக் கருவியாலும் காவல் பார்க்க வேண்டும் என்ற ஐந்தாம் விதி படகைக் கண்டபின் நகர்வதற்கானது அல்ல, முதலில் அதைக் காண்பதற்கானது. ஆயினும் அந்த விதி ‘ஒவ்வொரு கலமும்’ என்றுதான் தொடங்குகிறது. நங்கூரமிட்ட படகிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கேரளக் கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகின் ஆள்கணக்கையும் உழைப்பு நேரத்தையும் அறிந்தவர், அந்த ஒருவர் எங்கிருந்து வருவார் என்று கேட்பார். அது கப்பலோட்ட விதிக்குள் அடங்காத, கூலிப் பங்கீட்டையும் படகு முதலாளியையும் சார்ந்த கேள்வி.

மீன்பிடிக்கும் கலத்துக்கு முன்னுரிமை என்று பொதுவாகச் சொல்லப்படுவதிலும் பலரும் கவனிக்காத ஒரு வரம்பு உண்டு. திரும்பும் ஆற்றலைக் குறைக்கும் வலையோ நீண்ட தூண்டில்வரிசையோ நீரில் இருக்கும்போது மட்டுமே அந்த முன்னுரிமை. மீன்பிடிக்கும் இடத்தை நோக்கி விரையும்போதும், ஓடிக்கொண்டே தூண்டில் இழுக்கும்போதும், எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்கும்போதும் அது சாதாரண இயந்திரப் படகு, அவ்வளவே. வலை நீரில் இருப்பதை அறிவிக்கும் விளக்குக்கும் நிறம் உண்டு: இழுவலை இழுக்கும் கலம் வெள்ளைக்கு மேல் பச்சையும், பிற வலை போட்ட கலம் வெள்ளைக்கு மேல் சிவப்பும் ஏற்ற வேண்டும். இந்த இணை விளக்கில்லாமல் முன்னுரிமை கோருவது கடலில் ஒருவரும் கேட்காத கோரிக்கை.

நடத்தை விதி இவ்வாறு தடுமாறும் இடங்களில் நிர்வாகங்கள் பாலத்தின் வழியை நாடியிருக்கின்றன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையோரத்துச் சில கடல் மைல் பட்டையை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கி விசைப்படகுகளை அதற்கு அப்பால் நிறுத்தியது. விசைப்படகு காலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடும் அதைச் சார்ந்த விதிகளில் இடம்பெற்றது. மீன்வளத்தைக் காக்கவும் வலை அறுபடும் சண்டையைத் தணிக்கவும் வந்தவை இவை என்றாலும், வலைமீது இழுவலைப் படகு இருளில் ஏறிவிடும் வாய்ப்பைக் குறைத்த வகையில் இவை வழிவிடும் விதிகளும் ஆகும். ஆற்றில் இடத்தால் பிரித்ததைக் கடலில் நேரத்தாலும் பிரித்தார்கள். சண்டை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. எல்லை மீறல் குறித்த புகார் தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது.

கப்பலையும் படகையும் பிரிக்கும் முயற்சி அதைவிடத் தாமதமாக வந்தது. தென்மேற்குக் கடற்பரப்பில் வணிகக் கப்பல்களுக்கும் மீன்பிடி படகுகளுக்கும் தனித்தனித் தடங்களை வகுத்து, 2020 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் அறிவித்தது. கன்னியாகுமரியைச் சுற்றிச் செல்லும் கப்பல்கள் மீன்பிடி நெரிசலான கரையோர நீரை விட்டு அப்பால் விலகிச் செல்வதே அதன் நோக்கம். தடம் வகுக்கப்பட்டபின் ஒரு கப்பல் மீன்பிடிப் படகை எங்கே எதிர்பார்க்க வேண்டும், படகு கப்பலை எங்கே எதிர்பார்க்க வேண்டும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். இருவரின் காவல் உழைப்பும் குவிய ஓர் இடம் கிடைக்கிறது. இழுவலையோ மீனோ வரைபடக் கோட்டை மதிப்பதில்லை என்பதும் உண்மை: மீன் தடத்துக்குள் போனால் படகும் அங்கே போகும்.

மேலும், எந்தத் தடப்பிரிப்பும் துறைமுகத்தை நெருங்கும்போது தீர்ந்துவிடுகிறது. தூத்துக்குடிக்கு வரும் கொள்கலக் கப்பல், வகுத்த தடத்தில் எவ்வளவு தொலைவு வந்தாலும், கடைசியில் மீனவர் வலை விரித்திருக்கும் நீரைக் குறுக்காகக் கடந்துதான் அலைதாங்கிகளுக்கு இடையிலான கால்வாயை அடைய முடியும். புன்னைக்காயல் முகத்துவாரத்திலிருந்து அதிகாலையில் வெளியேறும் வள்ளமும் அதே நீரை எதிர்த்திசையில் கடக்கிறது. அங்கே பிரிப்பு இல்லை. குறுக்கிடும் கலங்களுக்கான பதினைந்தாம் விதியும் காவல் பற்றிய ஐந்தாம் விதியும்தான் உண்டு, கால்வாய்க்குள் நுழைந்ததும் சிறிய கலத்தின்மீது கடமையை மாற்றிவைக்கும் ஒன்பதாம் விதியும். திறந்த நீரில் வலை போட்ட வள்ளத்துக்கு விலக வேண்டிய அதே கப்பலுக்கு, கால்வாய் வாயில் அந்த வள்ளம் விலக வேண்டும். இந்த மாற்றம் எந்தக் கோட்டில் நிகழ்கிறது என்பதைக் கப்பலின் வழிகாட்டி, மிதவையை வைத்து அறிவார்; வள்ளக்காரருக்கும் அந்த மிதவை தெரிந்திருக்க வேண்டும்.